மின்சாரத்தில் தொடங்குவதா, ராணுவத்தில் தொடங்குவதா? கொள்கை ஆய்வு வேலைக்கு நெல்லையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

நாங்குநேரி, ராதாபுரம் என்று இரண்டே வட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கூடங்குளத்தில் அணு உலைகள். மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் வளாகம். விஜயநாராயணத்தில், கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஐஎன்எஸ் கட்டபொம்மன். அதன் கம்பங்கள் இந்தியாவின் மிக உயரமான கட்டுமானங்களில் சேர்த்தி. பணகுடிப் பக்கம் கண்ணுக்கெட்டியவரை காத்தாடி. வடக்கே வந்தால் கங்கைகொண்டானில் டாடாவின் சோலார் செல் தொழிற்சாலை. கிழக்கே போனால் தூத்துக்குடி அனல்மின் நிலையம், குலசேகரப்பட்டினத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் ஏவுதளம். எரிசக்தியும் நாட்டுப் பாதுகாப்பும் இவ்வளவு ஒட்டிக்கிடக்கும் சீமை இந்தியாவில் அதிகம் இல்லை.

இருந்தும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதில் இரண்டு பாதைதான் தெரியும். கேட்டுக்கு உள்ளே வேலைக்குப் போவது, இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே போராட்டப் பந்தலில் உட்காருவது. மூன்றாவதாக ஒரு கூட்டம் டெல்லியிலும் பெங்களூரிலும் புனேயிலும் இருக்கிறது. அணு உலை கட்டலாமா, என்ன விலைக்குக் கரண்ட் வாங்கலாம், எந்த நாட்டை நம்பி எரிபொருள் வாங்கலாம் என்பதையெல்லாம் படித்து, கணக்குப் போட்டு, அரசு எடுத்த முடிவு சரியா என்று எழுதுவதே அவர்களுடைய தொழில். சம்பளமும் உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் மூன்றாம் வருடம் படிக்கிறவர்களிடம் இதைச் சொன்னால், “அண்ணாச்சி, அதுக்கு எந்தப் பரீட்சை எழுதணும்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பொதுவான பரீட்சை எதுவும் கிடையாது. வாசல்கள் பல. எந்த வாசலில் நுழைகிறோம் என்பதைப் பொறுத்து அடுத்த பத்து வருடம் மாறும். அதற்குத்தான் இந்த ஒப்பீடு.

நான் மின்கட்டண ஆய்வில் சில வருடம் வேலை பார்த்தவன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

எரிசக்தி ஆய்வு நிறுவனங்கள்

டெல்லியில் டெரி 1974-இலிருந்து இருக்கிறது. சிஇஇடபிள்யூ 2010-இல் வந்து வேகமாக வளர்ந்தது. பெங்களூரில் சிஸ்டெப். புனேயில் பிரயாஸ். சென்னையில் சிஏஜி என்ற நுகர்வோர் அமைப்பு மின்சார விவகாரங்களில் வெகுகாலமாக இருக்கிறது (தணிக்கைத் துறையின் சிஏஜி வேறு, பெயர்க் குழப்பத்தால் பல மாணவர்கள் தவறான இணையதளத்துக்குப் போய்விடுகிறார்கள்). ஆரோவில்லிலும் தமிழ்நாட்டு மின்துறையைப் பற்றித் தொடர்ந்து எழுதும் ஒரு குழு உண்டு.

இந்த வகை வேலை எப்படிப்பட்டது என்பதற்கு பிரயாஸ்தான் நல்ல உதாரணம். 1990-களின் நடுவில் மகாராஷ்டிரத்தில் என்ரான் கம்பெனியின் தாபோல் மின்நிலையம் வந்தபோது, கோஷம் போட நிறையப் பேர் இருந்தார்கள். பிரயாஸ்காரர்கள் மின்கொள்முதல் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து, ஒரு யூனிட்டுக்கு மாநிலம் என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்று கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். அந்த விலை கட்டுப்படியாகாது என்பதைப் பிறகு மகாராஷ்டிர மின்வாரியம் பில் கட்ட முடியாமல் திணறியபோது ஊரே பார்த்தது. ஆய்வாளரின் வேலை இதுதான். கையில் ஒப்பந்தம், பக்கத்தில் எக்செல், எதிரே யாரும் படிக்காத இணைப்புப் பக்கங்கள்.

நம் ஊருக்கு வாருங்கள். 1986-இல் நாட்டின் முதல் காற்றாலைகளில் சில தூத்துக்குடிக் கடற்கரையோரம் நிறுத்தப்பட்டன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் வைகாசி முதல் புரட்டாசி வரை அடிக்கிற காற்றில்தான் அதன் பெரும்பங்கு வருகிறது. கோவில்பட்டி, கோயம்புத்தூர் மில்காரர்கள் சீசனில் உற்பத்தியாகும் யூனிட்டை வாரியத்திடம் சேமித்து வைத்து, காற்று இல்லாத மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். ‘பேங்கிங்’ என்று பெயர். ஆடியில் கிடைத்த யூனிட்டும் மாசியில் எடுக்கும் யூனிட்டும் ஒரே மதிப்பா? அதற்கு வாரியம் எவ்வளவு கழிக்கலாம்? இந்தக் கேள்வி தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திலும், டெல்லியில் உள்ள மேல்முறையீட்டு மின்சாரத் தீர்ப்பாயத்திலும் வருடக்கணக்காக இழுபடுகிறது. இரண்டு பக்கத்து மனுக்களும், ஆணையத்தின் உத்தரவுகளும் இணையத்தில் சும்மா கிடக்கின்றன. நாட்டின் மின்தொகுப்பை இயக்கும் கிரிட் இந்தியாவின் தினசரி அறிக்கை, மத்திய மின்சார ஆணையத்தின் மாத அறிக்கை எல்லாம் இலவசம். வள்ளியூரில் உட்கார்ந்துகொண்டு டெல்லிக்காரனுக்குக் கிடைக்கும் அதே தரவை நீங்களும் பார்க்கலாம். கூடுதலாக ஒன்று உங்களிடம் இருக்கிறது: பக்கத்து ஊர் காத்தாடி ஆபரேட்டரிடம் போய், “போன சீசன்ல எத்தனை நாள் நிறுத்தச் சொன்னாங்க?” என்று கேட்க முடியும்.

இந்தத் திறந்த தரவுதான் எரிசக்திப் பக்கத்தின் பெரிய சொத்து. புதிதாக வருகிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகூட, கணக்கு சரியாக இருந்தால், அனுபவசாலியை மறுத்துப் பேசலாம்.

குறைகள் உண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் திட்ட நிதியில் ஓடுகின்றன. ஒன்று, இரண்டு வருட ஒப்பந்தம். நிதி முடிந்தால் ஆளும் முடிந்தது. வெளிநாட்டு அறக்கட்டளைப் பணம் பல இடங்களில் முதுகெலும்பு. அதற்கு எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நிதிச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். டெல்லியின் பழைய, மதிப்புமிக்க கொள்கை ஆய்வு மையமான சிபிஆரின் உரிமம் 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ரத்தானது. அங்கே ஆராய்ச்சி செய்தவர்கள் கணிசமாக வேறு இடம் தேடிப் போக வேண்டியதாயிற்று. ஆகவே வேலை வாங்கும்போது “சம்பளம் என்ன?” என்பதோடு “பணம் எங்கிருந்து வருகிறது?” என்றும் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள். இந்தத் துறையில் அது நல்ல கேள்வி.

இன்னொரு குறை, சொந்த எரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடையாளருக்குப் பிடித்த தலைப்பு எதுவோ அந்த வருடம் எல்லா நிறுவனமும் அதையே எழுதும். ஒரு வருடம் மின்வாகனம், அடுத்த வருடம் பசுமை ஹைட்ரஜன். கயத்தாறில் பழைய சிறிய காத்தாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரியது வைப்பதில் நிலத்துக்காரனுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு நிதி தேடி அலைய வேண்டும்.

பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்கள்

இங்கே முதல் பெயர் மனோகர் பாரிக்கர் ஐடிஎஸ்ஏ. 1965-இல் தொடங்கியது, பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் நடப்பது. இதை இன்றைய நிலைக்கு வளர்த்தவர்களில் முக்கியமானவர் திருச்சிக்காரரான கே. சுப்பிரமணியம், இந்தியாவின் அணுக்கொள்கைச் சிந்தனையில் அவர் பெயரைத் தவிர்த்துவிட்டு எதையும் எழுத முடியாது. தரைப்படைக்கு கிளாஸ், கடற்படைக்கு நேஷனல் மாரிடைம் ஃபவுண்டேஷன், விமானப்படைக்கு கேப்ஸ் என்று முப்படைகளைச் சுற்றியும் தனித்தனி நிறுவனங்கள். 1990-இல் வந்த ஓஆர்எஃப், பெங்களூரில் தக்ஷசிலா, அதே ஊரில் டாடா இன்ஸ்டிடியூட் (ஐஐஎஸ்சி) வளாகத்தில் இருக்கும் நியாஸ் ஆகியவையும் கணக்கில் சேரும். சென்னையில் சீனாவைப் பற்றி மட்டும் ஆராயும் ஒரு சிறு மையமும் உண்டு.

இங்கே மேசையின் தலைமாட்டில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஜெனரலோ அட்மிரலோ தூதரோ இருப்பார். அவர்களுடைய அனுபவம் விலைமதிப்பற்றது, சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் வெளியாள். அவர்கள் நாற்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவர்கள். உங்களுக்குக் கிடைப்பது நாடாளுமன்றக் குழு அறிக்கை, தணிக்கைத் துறை சிஏஜியின் அறிக்கை, வெளிநாட்டுப் பத்திரிகை, செயற்கைக்கோள் படம். தரவு மூடிக்கிடக்கும் இடத்தில் வயதுக்கும் பதவிக்கும் இயல்பாகவே எடை கூடும். இளம் ஆய்வாளர் பல வருடம் குறிப்பெடுப்பவராகவும், கருத்தரங்கு ஏற்பாடு செய்பவராகவும் இருந்துவிடும் ஆபத்து எரிசக்திப் பக்கத்தைவிட இங்கே அதிகம்.

மூடிக்கிடப்பது எவ்வளவு என்பதற்கு நம்மூர் உதாரணமே போதும். கூடங்குளம் 1, 2 அலகுகளின் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையை வெளியிடச் சொல்லி 2012-இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. அணுமின் கழகம் அதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு மின்நிலையத்தைப் பற்றிய ஆவணத்துக்கே இந்தப் பாடு. விஜயநாராயணத்தைப் பற்றி ஒரு ஆய்வு எழுதலாம் என்று நினைக்கிற தம்பிமாருக்குச் சொல்கிறேன்: வேறு தலைப்பு பாருங்கள். அலுவல் ரகசியச் சட்டம் புத்தகத்தில் மட்டும் இருக்கும் சட்டம் இல்லை.

சரி, அப்படியென்றால் இந்தப் பக்கம் போகவே கூடாதா? போகலாம். நம் பிராந்தியத்தைப் பற்றி அங்கே எழுதுகிறவர்கள் குறைவு, அதிலும் தமிழ் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இலங்கையைப் பாருங்கள். 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பெனியிடம் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றது. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றாலையும் சோலாரும் சேர்ந்த சிறு மின்திட்டத்தை 2021 தொடக்கத்தில் ஒரு சீனக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள், இந்தியா ஆட்சேபித்தது, பிறகு இந்திய மானியத்தில் அதே திட்டம் இந்தியக் கம்பெனிக்கு வந்தது. மூன்று தீவுக்குக் கரண்ட் கொடுக்கும் சின்ன வேலை, இரண்டு வல்லரசுகளின் விவகாரமாயிற்று. மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை வைக்க வந்த அதானி நிறுவனம் 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே வருடம் ஏப்ரலில் இரு நாட்டு மின்தொகுப்புகளையும் கம்பியால் இணைக்கும் திட்டத்துக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்த விவகாரத்தில் யாழ்ப்பாணத்து மீனவர் என்ன சொல்கிறார், மன்னார் ஆயர் இல்லத்தில் என்ன பேச்சு என்பதையெல்லாம் டெல்லி ஆய்வாளர் ஆங்கிலச் செய்தியின் சுருக்கத்தில்தான் படிக்கிறார். உவரிக்காரனோ இடிந்தகரைக்காரனோ யாழ்ப்பாணப் பத்திரிகையை நேரடியாகப் படிப்பான். அதே கடலைப் பற்றி அவன் வீட்டில் தினமும் பேச்சு நடக்கும். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் மீன்படுகை 1976 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. இப்போது அங்கே எண்ணெய், எரிவாயு தேடும் முயற்சியை மீனவர்கள் எதிர்க்கிறார்கள். கடல் எல்லை, எரிவாயு, மீன் மூன்றும் ஒரே இடத்தில். இந்தத் தலைப்பை நம் ஆள் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

இரண்டும் சேரும் இடம்

2019 அக்டோபர் கடைசியில் கூடங்குளம் கணினியில் வைரஸ் என்று செய்தி வந்தது. முதலில் மறுப்பு வந்தது. அடுத்த நாளே அணுமின் கழகம், இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை, உலையை இயக்கும் அமைப்பு தனி, அதற்குப் பாதிப்பில்லை என்று ஒப்புக்கொண்டது. இதைப் பற்றி டெல்லியில் எழுதியவர்கள் இரண்டு ரகம். சைபர் பாதுகாப்புத் தெரிந்தவர்களுக்கு உலை திடீரென நின்றால் தென்மண்டல மின்தொகுப்பில் என்ன ஆகும் என்று தெரியவில்லை. மின்தொகுப்புத் தெரிந்தவர்கள் சைபர் பக்கம் வரவே இல்லை. 1,000 மெகாவாட் ஒரே மூச்சில் விழுந்தால் அதிர்வெண் எவ்வளவு இறங்கும், அந்த நேரம் காற்று சீசனா இல்லையா என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடத் தெரிந்த ஆள் அரிது. அந்த அரிய ஆளாக ஆவதற்கு வழி எது என்பதுதான் என் வாதம்.

எரிசக்திக் கணக்கைக் கற்றுக்கொண்டு பாதுகாப்புப் பக்கம் போவது எளிது. எதிர்த்திசை கஷ்டம். இருபத்தைந்து வயதில் மின்கொள்முதல் ஒப்பந்தம் படிக்கப் பழகியவர், முப்பதில் எரிபொருள் ஒப்பந்தமும் கச்சா எண்ணெய் இருப்பும் படிப்பார். விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூன்று இடத்திலும் பாறைக்கடியில் இந்தியா வைத்திருக்கும் அவசரகாலக் கிடங்கின் மொத்தக் கொள்ளளவு 53 லட்சம் டன் சொச்சம். அது போதுமா போதாதா என்று சொல்ல, ஹார்முஸ் நீரிணையின் அரசியலோடு சுத்திகரிப்பு ஆலையின் தினசரித் தேவையும் தெரிந்திருக்க வேண்டும். அரசியல் மட்டும் படித்துவிட்டு முப்பது வயதில் எண்களைக் கற்க உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

‘பாதுகாப்பு’ என்ற சொல்லையே எண் தெரிந்தவர்தான் சோதிக்க முடியும் என்பதற்கு ஒரு வழக்கு. தமிழ்நாட்டில் சோலார் நிலையங்களை அவ்வப்போது நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துகொண்டிருந்தது. கிரிட் பாதுகாப்புக்காக என்று காரணம். உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். நிறுத்திய நேரங்களின் அதிர்வெண், மின்ஓட்டத் தரவுகளை எடுத்து அலசியபோது அந்தக் காரணம் பல நேரங்களில் நிற்கவில்லை. 2021 ஆகஸ்டில் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கட்டுரை எழுதுகிறவர்கள் யாரும் அசைக்க முடியாத ஒரு சொல்லை, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவான எண்கள் அசைத்துவிட்டன.

கடற்கரை மணலையும் இதில் சேருங்கள். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் தாதுமணலைப் பிரிக்கிறது. நம் கடலோரத்துத் தாதுமணல் அள்ளலுக்கு 2013-இல் மாநில அரசு தடை போட்டது. அந்த மணலில் இருக்கும் மோனசைட்டில் தோரியமும் உண்டு, காந்தத்துக்கு வேண்டிய அரிய மண் தனிமங்களும் உண்டு. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் கார் கம்பெனிகள் தவித்தன. காத்தாடிக்கும் அதே காந்தம் வேண்டும், ஏவுகணைக்கும் வேண்டும்.

முனைவர் பட்டம்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுத் துறை இருக்கிறது. இளங்கலையிலேயே தொடங்க நினைத்தால் சென்னை குருநானக் கல்லூரி. டெல்லி ஜேஎன்யூவில் சர்வதேச அரசியலுக்கும் ஆயுதக் குறைப்புக்கும் ஒரு மையம். நமக்குப் பக்கத்தில் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் துறை நல்ல பெயர் எடுத்தது. நெல்லைப் பிள்ளைகள் அதை ஏனோ எட்டிப் பார்ப்பதில்லை. ஐஐடி டெல்லி, மும்பை, சென்னையில் கொள்கை ஆய்வு செய்ய இடமுண்டு. அபிஷேகப்பட்டியில் நம் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் பொருளியல், சுற்றுச்சூழல் வழியாக எரிசக்தித் தலைப்பை எடுக்கலாம். வழிகாட்டி சரியாக அமைந்தால்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் ‘பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வு’ தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. இது திட்ட நிதி முடிந்தால் போகிற பணம் அல்ல. ஐந்து வருடம் நிம்மதியாகப் படிக்கலாம் என்பதுதான் இந்த வழியின் பெரிய கவர்ச்சி. ஜேஆர்எஃப் இல்லாமல் முனைவர் பட்டத்துக்குப் போவதை, வீட்டில் வசதி இல்லாதவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். முதுகலை முடித்ததும் நேரே போகாமல், இரண்டு வருடம் எங்காவது வேலை பார்த்துவிட்டுப் போனால் ஆய்வுக் கேள்வி கையில் இருக்கும். கேள்வி இல்லாமல் போகிறவர்களுக்கு வழிகாட்டி தன்னுடைய பழைய கேள்வியைக் கொடுத்துவிடுவார்.

அரசு வேலை

எம்.எஸ்சி. இயற்பியலோ பி.இ.யோ முடித்து, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒரு வருடப் பயிற்சிப் பள்ளிக்குப் போனால் அறிவியல் அதிகாரி ‘சி’. ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் 56,100. வீட்டில் இதைச் சொன்னால் மறுபேச்சு இருக்காது, கல்யாணப் பத்திரிகையிலும் நன்றாக இருக்கும். ஆனால் அது உலையை ஓட்டுவது, வடிவமைப்பது. உலை வேண்டுமா என்று கேட்கிற வேலை அல்ல. அந்தக் கேள்வியைப் பொதுவெளியில் கேட்கும் உரிமையையும் சேரும்போதே விட்டுவிடுகிறோம். ஆட்சிப் பணித் தேர்வும் அப்படியே. கொள்கை எழுதும் நாற்காலி கிடைக்க இருபது வருடம் ஆகலாம், அதிலும் எரிசக்தித் துறையே கிடைக்கும் என்பதில்லை. நடுவாக ஒன்று உண்டு: நிதி ஆயோக்கின் இளம் வல்லுநர் பதவி, தமிழ்நாட்டு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம், எம்பிக்களுக்கு ஆய்வு உதவி செய்யும் லாம்ப். குறுகிய காலம், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வெளியே வரலாம். தொடக்கத்துக்கு இவை நல்லவை.

வெளிநாட்டு முதுகலையைப் பற்றி இரண்டு வரி போதும். செவனிங், ஃபுல்பிரைட் போன்று முழுச்செலவும் தரும் உதவித்தொகை கிடைத்தால் போங்கள். நிலத்தை அடகு வைத்துப் போகாதீர்கள். இந்தத் துறையின் இந்தியச் சம்பளத்தில் அந்தக் கடன் அடையாது.

ஊரிலிருந்து போகிறவர்கள் மட்டும் யோசிக்க வேண்டியவை

முதலாவது, போலீஸ் விசாரணை. 2011, 2012 போராட்டக் காலத்தில் இடிந்தகரை, கூடங்குளம் சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்குப் போட்டார்கள், தேசத்துரோகப் பிரிவு உட்பட. 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே வழக்குகளைத் திரும்பப் பெற முயலச் சொன்னது; பல திரும்பப் பெறப்பட்டன. உங்கள் பெயரோ தகப்பனார் பெயரோ எந்த எஃப்ஐஆரிலாவது இருந்ததா, அது முடிந்துவிட்டதா என்பதை நகலோடு கையில் வைத்திருங்கள். எரிசக்தி நிறுவனங்கள் பொதுவாக இதைக் கேட்பதில்லை. அமைச்சக நிதியில் நடக்கும் பாதுகாப்பு நிறுவனங்களில் கேட்கக்கூடும். மறைக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். தாள் தயாராக இருந்தால் போதும். அந்த ஊரில் வளர்ந்தது இந்தத் துறையில் குறையில்லை. கேட்டுக்கு வெளியே இருந்தவர்களின் கணக்கு எந்த அறிக்கையிலும் ஒழுங்காக வந்ததில்லை.

இரண்டாவது, ஊர். பாதுகாப்பு என்றால் டெல்லி. திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. எரிசக்தி என்றால் பெங்களூரும் சென்னையும் போதும். சாயங்காலம் ஜங்ஷனில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிற வீடுகளில் இந்த வித்தியாசம் பெரிது என்று எனக்குத் தெரியும். “அத்தை, பெங்களூர்தான்” என்று சொல்லித் தொடங்கிவிட்டால், மூன்று வருடம் கழித்து டெல்லிக்குப் போவது பேச்சுக்குரிய விஷயமாகவே இருக்காது.

மூன்றாவது, ஆங்கிலம். பேசுவதில் தடுமாற்றம் இருந்தால் பரவாயில்லை. எழுத்து வர வேண்டும். நாற்பது பக்க அறிக்கையை அதிகாரி படிக்கும் இரண்டு பக்கமாக்குவது இந்த வேலையின் பாதி. தமிழில் சுருக்கி எழுதத் தெரிந்தவருக்கு அது ஆங்கிலத்திலும் வரும். தமிழிலேயே வளவளவென்று எழுதுகிறவருக்கு எந்த மொழியிலும் வராது.

யாருக்கு எது?

இபி என்று வீட்டில் சொல்லும் மின்வாரிய வேலைக்குக் காத்திருக்கும் இஇஇ பட்டதாரிக்கு யோசனையே வேண்டாம், எரிசக்தி நிறுவனம். கணிதமோ பொருளியலோ படித்தவருக்கும் அதுவே. சட்டம் படிக்கிறவர்களுக்கு இப்போது தனியாக ஒரு வாசல் திறந்திருக்கிறது: 2025 டிசம்பரில் நிறைவேறிய சாந்தி சட்டம், 1962-இன் அணுசக்திச் சட்டத்தையும் 2010-இன் அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கிவிட்டுத் தனியாரை உள்ளே விடுகிறது. 2047-க்குள் 100 கிகாவாட் அணுமின்சாரம் என்பது இலக்கு. விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது, விலையை யார் நிர்ணயிப்பது, எது ரகசியம் என்று வரும் வருடங்களில் விதி எழுதுவார்கள். அந்த விதியைப் படிக்கத் தெரிந்த வக்கீல்கள் நாட்டில் மிகக் குறைவு. கூடங்குளத்துக்கு சோவியத் யூனியனோடு 1988-இல் போட்ட உடன்பாட்டிலிருந்து தொடங்கிப் படித்தவர் அதில் முன்னால் நிற்பார்.

வரலாறு, அரசியல் அறிவியல், தமிழ் படித்தவர்கள் பாதுகாப்புப் பக்கம் போவதில் தவறில்லை, மேலே சொன்ன இலங்கை, கடல் தலைப்புகளில். ஜேஆர்எஃப் ஒன்றை வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு வருடம் புள்ளியியல் படியுங்கள். சீனமோ சிங்களமோ தொடங்கினால் இன்னும் நல்லது. சிங்களம் தெரிந்த இந்திய ஆய்வாளர்களை விரல்விட்டு எண்ணலாம்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. சிஏஜி, தணிக்கைத் துறை சிஏஜியைத்தான் சொல்கிறேன், 2017-இல் கூடங்குளம் 1, 2 அலகுகளைப் பற்றித் தனி அறிக்கையே போட்டிருக்கிறது. இலவசம். கூடவே தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஏதாவது ஒரு கட்டண உத்தரவை இறக்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு அலகுகளின் 2,000 மெகாவாட்டில் முதலில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 925. உலை தாமதமான வருடங்களில் அந்தக் கரண்டுக்குப் பதிலாக வாரியம் எங்கே, என்ன விலைக்கு வாங்கியது என்று இரண்டு ஆவணங்களையும் வைத்து இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதும்போது அட்டவணைகளைப் புரட்டுவதில் நேரம் போனது தெரியவில்லை என்றால் பெங்களூருக்கோ புனேக்கோ விண்ணப்பம் போடுங்கள். அட்டவணையைத் தள்ளிவிட்டு, ரஷ்யா ஏன் தாமதித்தது, அன்றைக்கு டெல்லிக்கும் மாஸ்கோவுக்கும் என்ன பேச்சு நடந்தது என்பதிலேயே மனம் ஓடினால் நெட் விண்ணப்பத் தேதியைப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. அந்த இரண்டு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த வாசலில் போய் நின்றாலும் முதலில் கேட்பது ‘நீங்கள் எழுதியது ஏதாவது இருந்தால் காட்டுங்கள்’ என்பதைத்தான்.